அரைப்புள்ளியின் இரவல் சேலை

ஐப்பசி மாதத்து அடைமழை சற்றே மூச்சு வாங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, நண்பகல் வேளையில், பாளையங்கோட்டையில் ஒரு கணினிக்குள் பெயர்களெல்லாம் வீடு மாறின.

அந்தக் கணினி ‘விரல்துணை மன்றம்’ என்னும் சிறிய அமைப்புக்கு உரியது. பார்வையற்ற மாணவர்கள் தேர்வறையில் விடையைச் சொல்லச் சொல்ல, அதைத் தாளில் எழுதித் தருவதற்கு ஆள் வேண்டும். அப்படி எழுத முன்வந்த இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணினியில் குடியிருந்தன. தேர்வுக் காலம் வந்தால் மன்றச் செயலாளர் சங்கரவடிவு ‘விரல்துணையார் அனைவருக்கும்’ என்று தலைப்பிட்டு ஒரே ஒரு கடிதம் எழுதுவார். அது அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். ஓய்வாக இருப்பவர் ‘வருகிறேன்’ என்று பதில் எழுதுவார். இருபது ஆண்டுகளாக இதுதான் நடைமுறை.

கணினி மூப்படைந்துவிட்டது. கோயில்பிள்ளை என்னும் பழுதுநீக்குநர் வந்து, பழைய அமைப்பை அகற்றிப் புதிய அமைப்பை ஏற்றினார். பெயர்களைப் பழைய முகவரி ஏட்டிலிருந்து புதியதற்குக் குடிபெயரும்படி பணித்துவிட்டு, அவை போய்ச் சேர்ந்தனவா என்று பாராமல் அடுத்த வேலைக்குப் புறப்பட்டார். அவர் நீட்டிய சீட்டில் சங்கரவடிவு கையெழுத்திட்டார். ‘ங்’ என்னும் எழுத்தின் தலையில் வைக்க வேண்டிய புள்ளியை, வழக்கம்போல, வைக்கவில்லை.

புள்ளி அதைக் கவனித்தாள், வருந்தவில்லை.

மெய்யெழுத்தின் தலையில் நிற்பதே அவள் தொழில். விடுபடுவது அவளுக்குப் புதிதன்று. ஓலையில் எழுதிய காலத்தில், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அவளை விட்டுவிட்டே எழுதினார்கள்; படிப்பவர்கள் தாமாக அவளை அறிந்துகொண்டார்கள். பிறகு அச்சு வந்தது. அவளுக்கு நிலையான இடம் கிடைத்தது. அதன் பிறகு கணினி வந்தது. மறுபடியும் இடம் இல்லை என்றார்கள். விசைப்பலகையில் இருந்த விசைகளை எல்லாம் உயிரும் மெய்யும் பங்கிட்டுக்கொண்டிருந்தன.

அப்போது உதவிக்கு வந்தவள் அரைப்புள்ளி. ஆங்கிலத்தார் செமிகோலன் என்று அழைக்கும் அவள், காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுப்பிறந்தவள். நம் புள்ளிக்குப் பெயரளவில் உறவு. பிறந்த ஊர் வேறு. ஆனாலும் மனம் பெரியது.

“என் விசையில் நீயும் உட்கார். என் சேலையையும் உடுத்திக்கொள். தமிழ் எழுத்துரு கண்ணாடிபோல் முன்னால் நிற்கும்வரை, பார்ப்பவர் கண்ணுக்கு நீ புள்ளியாகவே தெரிவாய். உள்ளே நீ உடுத்தியிருப்பது என் சேலை என்பது நம் இருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்,” என்று அவள் சொன்னாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். புள்ளிக்கு எறியக் கந்தையும் இல்லை. வாங்கி உடுத்திக்கொண்டாள்.

அந்தச் சேலையோடுதான் அன்று நண்பகலில் பெயர்களின் தலைகளில் ஏறிக்கொண்டு அவள் புதிய ஏட்டின் வாயிலுக்கு வந்தாள்.

வாயிலில் பிரிப்பான் என்னும் புதிய அதிகாரி நின்றான். வரிசையாக வருவோரில் ஒருவர் எங்கே முடிகிறார், அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று பிரித்து உள்ளே அனுப்புவது அவன் பணி. சுறுசுறுப்பானவன். கையூட்டு வாங்காதவன். யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவன்.

மாலா வந்தாள். போ என்றான். சீதா வந்தாள். போ என்றான். அடுத்து முத்துச்செல்வன் வந்தார். அவர் பெயரில் புள்ளி நான்கு இடங்களில் நிற்கிறாள்.

“முத!” என்று அழைத்தான் பிரிப்பான். “முதவுக்கு முகவரி இல்லை, தள்ளி நில். துச! உனக்கும் இல்லை. செல! நல்லது, செல். வன! வனத்துக்கே போ.”

ஐந்தாவதாக, பெயரே இல்லாமல் ஒரு முகவரி மட்டும் தனியே வந்து நின்றது.

“பெயரில்லாதவருக்கு இங்கே இடமில்லை,” என்றான் பிரிப்பான்.

புள்ளிக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, வந்தவர் ஐவர் அல்லர். ஒருவர்தான். நீங்கள்தாம் வெட்டிவிட்டீர்கள்.”

“நீ யார்?”

“புள்ளி.”

“உடுத்தியிருப்பது அரைப்புள்ளியின் சேலை.”

“இரவல் வாங்கியது.”

“இரவல் என்னும் சொல் என் விதியில் இல்லை. அரைப்புள்ளி வந்தால் ஒருவர் முடிந்தார், அடுத்தவர் தொடங்கினார். அவ்வளவுதான்.”

“நான் முடித்துவைப்பவள் இல்லை ஐயா. நான் ஏறிய எழுத்து வாய்மூடி, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். முத் என்று நின்றால்தானே து வந்து சேர முடியும்? நான் இருக்கும் இடம் பிரிவு இல்லை, இணைப்பு.”

“அடுத்து!” என்றான் பிரிப்பான்.

அவன் கெட்டவன் அல்லன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. படித்தவர் பலரிடமும் உள்ள குறைதான்.

தள்ளப்பட்ட துண்டுகளெல்லாம் தற்காலிகக் கொட்டில் ஒன்றில் குவிந்தன. கணினியை அணைக்கும் நொடியில் அந்தக் கொட்டில் சுத்தமாகப் பெருக்கப்படும் என்பது அங்கே விதி. துண்டுகளுக்கு அது தெரியாது. சிதம்பரத்தின் பின்பாதியாகிய ‘பரம’, தான் ஏதோ பெரிய இடத்து ஆள் என்று எண்ணிக்கொண்டு தனியே போய் அமர்ந்தது. ‘செல’வும் ‘வன’வும் ஒன்றையொன்று எங்கேயோ பார்த்த நினைவாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

அரைப்புள்ளி ஓடி வந்தாள். “அடி, என் சேலையால் வந்த வினையா இது?”

“இல்லை அக்கா. நீ கொடுத்த நாளில் அது உதவி. நீ கொடுத்திராவிட்டால் இந்தப் பெட்டிக்குள் நான் நுழைந்தே இருக்க மாட்டேன்.”

“அப்படியானால் சும்மா நிற்காதே. வெளியே அந்தச் செயலாளர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டுச் சொல்!”

“எப்படிக் கூப்பிடுவேன்? எனக்கென்று ஓர் ஒலி இல்லையே. ‘க’வின் மேல் ஏறினால் அதன் குரலையும் பாதியாகக் குறைத்துவிடுவேன். நான் இருப்பதை மனிதர் கேட்டதே இல்லை அக்கா.”

“நீ இல்லாததையாவது கேட்பார்களா?”

புள்ளி கொட்டிலுக்குள் போய்த் துண்டுகளின் நடுவே அமர்ந்தாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு முப்பிடாதி குடையும் வெள்ளைக்கோலுமாகப் படியேறி வந்தாள். கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிப்பவள், பிறவியிலேயே பார்வையில்லாதவள். திங்கட்கிழமை அவளுக்குப் பருவத்தேர்வு. அவளுக்காக எழுத ஒப்புக்கொண்டிருந்த உமா, முந்தைய நாள் ஈரப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேறொருவரின் பெயரை மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்தத் தாளை அடுத்த ஆண்டுதான் எழுதலாம். பட்டமும் அதுவரை காத்திருக்கும்.

“என்னக்கா, பேச்சு மூச்சைக் காணும்? வழக்கமா நான் படியேறும்போதே வைவிய, மழையில நனைஞ்சிட்டு வந்தியான்னு.”

“ஏளா, பேரைக் காணும்ளா,” என்றார் சங்கரவடிவு. குரல் தேய்ந்திருந்தது. “இருநூறு பேரு இருந்த இடத்துல ஆறு பேரு இருக்காவ. மாலா துபாய்ல. சீதா பிள்ளை பெத்துப் பத்து நாள் ஆவுது. சுபாவும் தேவியும் மாரியும் திங்கக்கெழமை வேற பிள்ளையளுக்கு எழுதப் போறாவ. ஆறாவது உமா.”

“கை முறிஞ்ச உமாவா? அந்தப் பேரு மட்டும் பத்திரமா இருக்காக்கும்!” என்று சிரித்தாள் முப்பிடாதி. சிரித்த பிறகு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். கோலை மடக்கி மடியில் வைத்தவள், அதை மறுபடி விரித்தாள்; மறுபடி மடக்கினாள்.

சங்கரவடிவு கோயில்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, மூவரும் பேசும்படி ஒலியைப் பெருக்கி வைத்தார்.

“போயிருக்காதுக்கா,” என்றது கோயில்பிள்ளையின் குரல். “எங்கயாவது ஒதுங்கிக் கெடக்கும். கம்ப்யூட்டரை மட்டும் அணைச்சிராதிய. அணைச்சா ஒதுங்குனதும் அழிஞ்சிரும்.”

அந்த நேரம் பார்த்து விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. சங்கரவடிவு மேசையைப் பிடித்துக்கொண்டார். கொட்டிலில் ‘பரம’ முதன்முறையாகத் தன் உயர்வை மறந்தது. விளக்கு நின்று எரிந்தது.

“தம்பி, கரண்டு இன்னொரு தடவை இப்படிக் கண்ணடிச்சா என் உசுரு நிக்காது. என்ன செய்யணும், சொல்லும்.”

“எதைச் சேத்துச்சு, எதைத் தள்ளிச்சுன்னு வெவரம் தெரிஞ்சாத்தான் கையை வைக்க முடியும்க்கா. அந்த ஆறு பேரையும் வாசிங்க.”

“பொம்பளையளை மட்டும் சேத்திருக்கும்போல. மாலா, சீதா, சுபா, உமா, தேவி, மாரி.”

“மாரி ஆம்பளைக்கா,” என்றாள் முப்பிடாதி. “போன வருசம் எனக்கு எழுதினவரு. பீடி வாசம் அடிக்கும்.”

“சின்னப் பேரை மட்டும் சேத்திருக்கோ?” என்றார் கோயில்பிள்ளை.

“மணியன் சின்னப் பேருதானே? அவரைக் காணுமே.”

மழை ஓட்டில் விழும் ஓசை மட்டும் கேட்டது. முப்பிடாதியின் வலக்கைச் சுட்டுவிரல் மடியின்மேல் மெல்ல நகர்ந்தது. கேட்ட பெயரை எல்லாம் மனத்துக்குள் பிரெயிலில் தடவிப் பார்ப்பது அவளது பழக்கம்.

“அக்கா, இன்னொருக்கா வாசிங்க. மெதுவா.”

சங்கரவடிவு வாசித்தார். விரல் நகர்ந்தது; வழுக்கிக்கொண்டே போயிற்று; எங்கும் நிற்கவில்லை.

“அக்கா! ஒரு பேருலயும் விரல் இடறலையே!”

“என்னத்தளா இடறணும்?”

“புள்ளிக்கா, புள்ளி! ஒங்களுக்கு அது எழுத்துக்கு மேல ஒரு பொட்டு. கண்ணு தாண்டிப் போயிரும். எங்க பிரெயில்ல அதுக்குத் தனி வீடு உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத்தான் தாண்டணும். இந்த ஆறு பேருல ஒருத்தருக்குக்கூட அது இல்லை. மணியன்ல இருக்கு, அவரு போயிட்டாரு. முத்துச்செல்வன்ல நாலு இருக்கு. ஒங்க பேருல ஒண்ணு, என் பேருல ஒண்ணு. புள்ளி உள்ள பேரைத்தான் தள்ளியிருக்கு!”

கொட்டிலுக்குள் புள்ளி நிமிர்ந்தாள். பிறந்த நாள் முதலாக அவளை யாரும் இப்படிப் பெயர் சொல்லித் தேடியதில்லை.

தொலைபேசியில் கோயில்பிள்ளை நெற்றியில் அறைந்துகொண்ட ஓசை தெளிவாகக் கேட்டது.

“நாந்தாங்க்கா மடையன். அந்தக் காலத்து எழுத்துருல புள்ளிக்கு எந்த விசை? செமிகோலன்! புது அமைப்பு செமிகோலனைக் கண்டா, ஒரு ஆளு முடிஞ்சிட்டாருன்னு வெட்டிரும். இந்தா வாரேன்.”

“மழை கொட்டுதே, தம்பி.”

“வெட்டுனவன் நானு. வந்துதானே ஒட்டணும்?”

அவர் வந்தபோது மழைச்சட்டையிலிருந்து நீர் சொட்டியது. வாசலிலேயே அதை உதறிவிட்டு, துவட்டக்கூட நில்லாமல், கணினியின் முன் உட்கார்ந்தார். கொட்டிலில் கிடந்த துண்டுகளை முதலில் பத்திரமான இடத்துக்கு நகலெடுத்தார். பெயர்களில் அரைப்புள்ளி நின்ற இடந்தோறும் தமிழ்ப் புள்ளியையே நிறுத்தும்படி ஒரு கட்டளை எழுதினார். இப்போது உலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்து வரிசை ஒன்று உண்டு. அதில் புள்ளிக்கென்று சொந்தமாகவே ஓர் இருக்கை எப்போதோ ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுக்குத்தான் எவரும் சொல்லவில்லை.

புள்ளி அரைப்புள்ளியின் சேலையைக் களைந்து, மடித்து, இரு கைகளாலும் நீட்டினாள்.

“அக்கா, இருபது வருடம் உடுத்தியிருந்தேன். கிழிக்கவில்லை.”

“சாயம்கூடப் போகவில்லையே,” என்று அரைப்புள்ளி விரித்துப் பார்த்தாள். “நீ சத்தம் போடாமலே காரியம் நடந்துவிட்டதே?”

“இல்லாததைக் கேட்க ஒருத்தி இருந்தாள் அக்கா.”

பெயர்கள் மறுபடியும் வாயிலுக்கு வந்தன. முத, துச, செல, வன ஆகிய நால்வரையும் புள்ளி தலைக்குத் தலை தொட்டாள், நால்வரும் ஒருவராயினர். பின்னால் அநாதையாக நின்ற முகவரி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. ‘பரம’, தன் முன்பாதியைக் கண்டு சற்று நாணியபடி ஒட்டிக்கொண்டு சிதம்பரம் ஆயிற்று.

“இவர் ஒருவரா?” என்று கேட்டான் பிரிப்பான்.

“ஒருவரே.”

“நான் வெட்டியபோதே நீ சொன்னாய்.”

“சொன்னேன்.”

“அப்போது என் விதியில் அது இல்லை. இப்போது இருக்கிறது,” என்று சொல்லி அவன் வழிவிட்டு நின்றான். மன்னிப்பு என்னும் சொல்லும் அவன் விதியில் இல்லை, வழிவிடுதல் இருந்தது. புள்ளி அதையே அதற்குப் பதிலாக ஏற்றுக்கொண்டாள்.

நான்கரை மணிக்குச் சங்கரவடிவின் கடிதம் விரல்துணையார் அனைவருக்கும் புறப்பட்டது. கோயில்பிள்ளை தலையைத் துவட்டினார். முப்பிடாதி கோலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

முதற்பதில் வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. சங்கரவடிவு அதை உரக்க வாசித்தார்: “திங்களன்று வருகிறேன். அஞ்சலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். தமிழில் வேகமாக எழுதுவேன். முத்துச்செல்வன்.”

“நாலு புள்ளிக்காரர்!” என்று முப்பிடாதி எழுந்தே விட்டாள். “அக்கா, அவரு பேரைக் கல்லூரிக்கு எழுதுங்க. ஒண்ணையும் விட்டுராதிய!”

திங்கட்கிழமை காலை, தேர்வறையின் கடைசி மூலையில், முப்பிடாதி சொல்ல முத்துச்செல்வன் எழுதினார். துணைக்கு எழுதுவோர் தம் அறிவைத் தாளில் காட்டலாகாது. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். அவர் அந்த ஒழுங்கைக் காத்தார். ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது.

“வரலாற்று... சான்றுகள். நடுவுல ‘ச்’ உண்டா, தாயி? நீ சொன்னாத்தான் போடுவேன்.”

“உண்டு அண்ணாச்சி. புள்ளியோட போடுங்க.”

அவர் போட்டார். அந்தத் தாளின்மேல் புள்ளி நிமிர்ந்து நின்று, தன் பக்கத்தில் குனிந்திருந்த மனிதரைப் பார்த்தாள். மூன்று மணி நேரமும் அவர் தம் குரலை அடக்கிக்கொண்டு இன்னொருத்தியின் சொல் முழுமை பெறக் காத்திருந்தார். தன் இனத்தார் இவரைப்போல் வெளியிலும் இருக்கிறார்கள் என்று அவள் அன்றுதான் அறிந்தாள்.

கோயில்பிள்ளை வெட்டியதை ஒட்டியதற்குக் கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சங்கரவடிவு கொடுத்திருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கார்த்திகை மாத முதல் திங்களன்று வேறொரு மாணவனுக்காகத் தாமே போய் உட்கார்ந்து, ஒரு முழுத் தேர்வை எழுதி, அந்தக் கணக்கை நேர்செய்தார். முத்துச்செல்வனுக்கு வந்துபோன பேருந்துக் கட்டணத்தை மன்றம், முப்பிடாதி தேர்வெழுதிய வாரத்து வியாழக்கிழமையே கொடுத்தது. அதற்கான சீட்டில் சங்கரவடிவு கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராய் மறுபடியும் பேனாவைத் திறந்து, ‘ங’வின் தலையில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்தார்.

புள்ளிக்குச் சேர வேண்டியது அன்றோடு தீர்ந்தது.